பல்தட்டிக் குருவி காட்டுக்குப் போனது

அந்தக் காலத்தில் மனிதர்களும் விலங்குகளும் பறவைகளும் ஒரே பேச்சுப் பேசினார்கள். பேச்சு ஒன்றாக இருந்ததால் சண்டைக்கும் குறைவில்லை. கரம்பைக்குளம் என்ற ஊரில் அந்தச் சண்டைகளைத் தீர்த்துவைத்தவர் அந்துவன். மீன் யாருக்கு என்று கொக்கும் வலைக்காரனும் மல்லுக்கு நின்றாலும், வாழையைச் சாய்த்தது யார் என்று யானையும் தோட்டக்காரனும் மோதிக்கொண்டாலும், எல்லாரும் அவர் முன்னால்தான் போய் நிற்பார்கள். அவர் இரண்டு பக்கமும் கேட்பார், ஒரு வார்த்தை சொல்வார், அதோடு முடிந்துவிடும்.

அவருக்கு வாயின் கடைசியில் ஒரு பல் முளைத்த வருஷம்தான் ஊர் அவரை வழக்குத் தீர்க்க உட்காரவைத்தது. ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவருடைய அறிவெல்லாம் அந்தப் பல்லுக்குள் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஞானப்பல் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அவர் மனைவி நொச்சிக்கு மட்டும் அந்தப் பல்லைக் கண்டாலே ஆகாது. மழைக்காலம் வந்தால் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அவள் கிராம்பை நசுக்கி வைப்பாள். வலி அடங்கும். வலி அடங்கினால் பல் சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொள்வார்கள். அப்படியே பல மழைக்காலம் போயிற்று.

அந்த வருஷம் குளத்தின் கரை உடைந்தது.

விளைந்து நின்ற நெல்லெல்லாம் தண்ணீருக்குள் போனது. சேந்தன் என்பவனுக்குத்தான் பெரிய நஷ்டம். அவன் வேல்கம்போடு வந்து, குளத்தில் குடியிருந்த நீர்நாயைக் குட்டிகளோடு வளைத்துப் பிடித்தான். "இவள்தான் கரையைக் குடைந்தாள். இவளையும் குட்டிகளையும் குத்திப் போட்டால்தான் என் வயிறு ஆறும்" என்றான்.

"நான் குடையவில்லை. என் வளை அந்தப் பக்கம், பாறைக்கு அடியில் இருக்கிறது. அந்துவன் ஐயாவைக் கேளுங்கள்" என்று நீர்நாய் கதறியது.

ஊரே அந்துவன் வீட்டு முன்னால் திரண்டது. அவர் அன்று விடியலிலேயே தனியாகப் போய் உடைப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வரும்போதே காய்ச்சல். வந்ததும் சுருண்டு படுத்துவிட்டார். இப்போது நொச்சி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்காரவைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து எல்லாரும் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்கள். ஒரு கன்னம் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் வீக்கத்தில் புதைந்து கிடந்தது. வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டுவிட்டது.

"ஐயா, யார் உடைத்தது? சொல்லுங்கள்!" என்றான் சேந்தன்.

அந்துவனின் தொண்டையிலிருந்து முனகல்தான் வந்தது. கையைத் தூக்கிக் கரைப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம்தான் நீர்நாயும் நின்றது.

"பார்த்தீர்களா! இவளைத்தான் காட்டுகிறார்!"

அந்துவன் தலையை வேகமாக ஆட்டினார். ஆட்டிய வலியில் அவருக்குக் கண்ணீர் கொட்டியது. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதைச் சொல்ல வாய் வரவில்லை என்று நொச்சிக்குப் புரிந்துவிட்டது. "பொழுது சாயும்வரை பொறு, சேந்தா. அவரைப் பேசவைக்கிறேன்" என்றாள்.

"பொழுது சாயும்வரைதான்" என்றான் அவன். வேல்கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றான்.

நொச்சி பல்தட்டிக் குருவியைக் கூப்பிட்டாள். தலையில் சிவப்புக் கொண்டை, உளி மாதிரி அலகு. அந்தக் காலத்தில் எல்லா ஊர்ப் பல்லுக்கும் அதுதான் வைத்தியர். திறந்த வாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் தட்டும். சத்தத்தை வைத்தே எது நல்லது, எது சொத்தை என்று சொல்லிவிடும்.

வெந்நீரில் உப்புப் போட்டு நொச்சி ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க, தாடை மெல்ல இளகியது. குருவி அலகை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்தது.

"நொச்சி அக்கா, இந்தப் பல் நேராக முளைக்க இடமில்லாமல் படுத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பல்லை முட்டுகிறது. அடியில் சீழ் கட்டிவிட்டது. இன்றைக்கே எடுக்க வேண்டும்."

கூட்டத்தில் ஒரே கூச்சல் எழுந்தது.

"ஞானப்பல்லை எடுப்பதா? ஐயாவின் அறிவே போய்விடுமே!"

"கடைவாய்ப் பல்லின் வேர் கண்ணில்தான் போய் முடிகிறதாம்!"

"கிராம்பு வைத்தால் அடங்கிவிடும், அக்கா. இத்தனை வருஷம் அடங்கவில்லையா?"

"வலிதான் அடங்கியது. சீழ் அடங்கவில்லை" என்றது குருவி. "அறிவு பல்லில் இருந்தால் பொக்கைவாய்க்காரர்கள் எல்லாம் என்ன செய்வார்கள்? கண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்படியானால் எங்கள் எல்லாருடைய கடைசிப் பல்லையும் பிடுங்கிவிடுவாயோ?" என்று ஒருத்தி பதறினாள்.

"எதற்கு? நேராக முளைத்து ஒழுங்காக மெல்லுகிற பல்லை நான் ஏன் தொடப்போகிறேன்? உபத்திரவம் கொடுக்கிற பல்லைத்தான் எடுக்கிறேன்."

நொச்சி கணவரைப் பார்த்தாள். அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். அந்தப் பக்கம் நீர்நாய் தன் குட்டிகளை வயிற்றுக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நொச்சி குருவி பக்கம் திரும்பினாள்.

"எடு" என்றாள்.

குருவி அக்கரகார வேரை அலகால் நசுக்கி ஈறில் தடவியது. நாக்கும் கன்னமும் மரத்துப்போயின. பிறகு அது கொத்தியது, நெம்பியது, மறுபடி கொத்தியது. அந்துவனின் கால் கட்டைவிரல்கள் மண்ணைக் கிளறின. ஒரே இழுப்பில் பல் வெளியே வந்தது. கூடவே சீழும் இரத்தமும் வந்தன. குருவி குழிக்குள் துணியைச் சுருட்டி வைத்து, "அழுத்திக் கடியுங்கள்" என்றது.

ஆனால் அந்துவனின் நினைப்பெல்லாம் சேந்தனின் வேல்கம்பு மேல்தான் இருந்தது. சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவர் தடுமாறி எழுந்தார். கையைக் காற்றில் துழாவிக்கொண்டு, வாயில் துணியோடும் மரத்த நாக்கோடும் தன் பலம் எல்லாவற்றையும் திரட்டிக் கத்தினார்.

"ங்கண்ணு! ங்கண்ணு!"

அதைக் கேட்டுக் கூட்டம் அலறியது.

"ஐயையோ! கண்ணு என்கிறாரே! கண் போய்விட்டது!"

"கையால் துழாவுகிறார் பாருங்கள்! குருடாகிவிட்டார்!"

"பேச்சும் குழறுகிறது! அறிவும் போய்விட்டது!"

தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த அசலூர்க்காரர்கள் வந்த வழியே விழுந்தடித்து ஓடினார்கள். நரி ஒரு பக்கம் ஓடியது, முயல் ஒரு பக்கம் ஓடியது. காகங்கள் கத்திக்கொண்டே நாலு திசையும் பறந்தன. "பல்லைப் பிடுங்கினார்கள், கண் போயிற்று! பல்லைப் பிடுங்கினார்கள், கண் போயிற்று!"

நான்தானே 'எடு' என்றேன் என்று நொச்சி நினைத்தாள். அழக்கூட வரவில்லை. கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து துணியைத் துப்பினார். அவள் காதை இழுத்துத் தன் உதட்டோடு வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"நண்… டு. கரையில்… நண்டு வளை."

நொச்சி சேந்தனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். "வெட்டு! உடைப்புக்குப் பக்கத்தில் வெட்டிப் பார்!"

சேந்தன் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து வெட்டினான். முதல் வெட்டிலேயே மண் பொலபொலவென்று உள்வாங்கியது. கரையின் வயிறு முழுக்க ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை நண்டு, பிளந்த மண்ணிலிருந்து கொத்துக் கொத்தாக இறங்கி ஓடியது. சேந்தனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தக் குட்டிகளைக் குத்தியிருப்பான். வேல்கம்பைக் குளத்தில் வீசிவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது.

அந்துவனுக்கு வீக்கம் வடிந்தது, காய்ச்சல் விட்டது. இரண்டு கண்ணும் முன்னைப்போலவே தெரிந்தன. பழையபடி வழக்குத் தீர்க்கவும் உட்கார்ந்தார். ஆனால் ஓடியவர்கள் ஓடியவர்கள்தான். நண்டைப் பார்க்க ஒருவரும் திரும்பி வரவில்லை.

இதைச் சரிசெய்தே தீர வேண்டும் என்று நொச்சி கணவரை அசலூர்ச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வெற்றிலை விற்றவள் முன்னால் அவரை நிறுத்தி, "இவர்தான் கரம்பைக்குளத்து அந்துவன். நன்றாகப் பாருங்கள், கண் தெரிகிறது" என்றாள்.

வெற்றிலைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா இரு, அம்மா. அந்துவன் ஐயா கண் போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறார். பாவம், அறிவும் போய்விட்டதாம். இவர் அவருடைய தம்பியாக இருக்கும்."

"நான்தான் அந்துவன்" என்றார் அவர்.

"பார்த்தாயா? அண்ணன் பெயரைத் தன் பெயர் என்கிறார். குடும்பத்துக்கே பல் பிடுங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது" என்று அவள் உச்சுக்கொட்டினாள்.

அன்று வாசலில் கேட்ட கூச்சலைவிட இந்தப் பரிவான குரல்தான் நொச்சியை அதிகம் கலங்கடித்தது.

ஊர் திரும்பும் வழியில் பல்தட்டிக் குருவி காட்டை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அதன் ஒரு சிறகு பிய்ந்திருந்தது. போகிற ஊரிலெல்லாம் கல்லால் அடித்திருந்தார்கள்.

"போகாதே. எங்கள் வீட்டிலேயே இரு" என்று நொச்சி கெஞ்சினாள்.

"இருந்து என்ன செய்வேன், அக்கா? கன்னம் வீங்கி வருகிறார்கள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறார்கள்" என்றது குருவி. பக்கத்தில் நின்ற பட்ட இலுப்பை மரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அலகால் தட்டியது. உள்ளே டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "இதற்குள்ளும் சொத்தை இருக்கிறது. இது வாயை மூடிக்கொள்ளாது."

மரத்தைக் கொத்திப் புழுவை எடுத்துத் தின்றது. பிறகு அடுத்த மரத்துக்குப் போனது.

அன்று தொடங்கியதுதான், மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டித் தட்டிச் சொத்தையைத் தேடுவதும், கடைவாய்ப் பல் வலித்தால் மனிதன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "எடுத்தால் கண் போய்விடுமாமே?" என்று கேட்பதும்.