எட்டாம் கோட்டில் யாரும் இல்லை

கடல் பொங்குமுன் கரைக்குச் சொல்லியனுப்பிய அந்தக் காலத்தில், ஒரு கழிமுகத்து மணலில் நானூறு நண்டுகள் குடியிருந்தன. அவற்றில் பொடிச்சி என்பவள் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருப்பாள்.

"வரும் பௌர்ணமிக்கு ஆறு விரல்கடை ஆழத்துக்கு மணலை வாரிக்கொண்டு போவேன்" என்று கடல் சொல்லியனுப்பியது. கரைக்குத் தலைவரான ஆமை ஆழிமூப்பர், எல்லோருக்கும் ஆழமாகக் குழி தோண்டக் கற்றுக்கொடுக்கும்படி கொடுக்கன் என்ற பெரிய நண்டை அமர்த்தினார். ஒரு மாதம் பயிற்சி நடந்தது.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பு சபை கூடியது.

"எல்லாக் குழியையும் அளந்தாயிற்று, தலைவரே! கூட்டி வகுத்தால் குழிக்கு எட்டு விரல்கடை. இனி யாருக்கும் பயமில்லை" என்றான் கொடுக்கன்.

கரையே ஆரவாரித்தது. பொடிச்சி மட்டும் வெட்கத்தில் குறுகினாள். அவள் குழி நாலு விரல்கடைதான். தனக்குத்தான் வித்தை வரவில்லை என்று நினைத்தபடி வீடு திரும்பினாள். வழியில் தங்கை குழியை எட்டிப் பார்த்தாள், மூன்று. பக்கத்துக் குழி நாலு. தான் மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் முழுக்க ஒவ்வொரு குழியாக இறங்கி அளந்தாள். ஈர மணலில் வரிசையாகக் கோடுகள் கிழித்தாள். ஒரு விரல்கடை ஆழத்துக்கு ஒரு கோடு. எந்தக் குழி எவ்வளவு ஆழமோ, அந்தக் கோட்டின்மேல் அதற்காக ஒரு மணல் உருண்டை. வேலை முடிந்ததும் தலைவரையும் கொடுக்கனையும் கூப்பிட்டாள்.

ஆழிமூப்பர் குனிந்து பார்த்தார். நாலாம் கோட்டைச் சுற்றி ஒரு குன்று. பன்னிரண்டாம் கோட்டைச் சுற்றி இன்னொரு குன்று. நடுவே வெறும் மணல்.

"எட்டாம் கோட்டில் யார் இருக்கிறார்கள், பொடிச்சி?"

"யாருமே இல்லை, தலைவரே. பெரிய கொடுக்கு உள்ளவர்கள் பன்னிரண்டு தோண்டினார்கள். எங்கள் கொடுக்குக்கு நாலுக்குமேல் இறங்கவில்லை. இந்தப் பக்கத்துக் குன்றில் இருநூறு உயிர் இருக்கிறது."

கொடுக்கன் அந்த உருண்டைகளையே வெகுநேரம் பார்த்தான். "என் கொடுக்குக்கு ஏற்ற வித்தையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. வாங்கடா!" என்று பெரிய நண்டுகளை அழைத்துக்கொண்டு ஓடினான். மூன்று நாள் அவர்கள் சின்னவர்களின் குழிகளைத் தோண்டினார்கள்.

பௌர்ணமியன்று கடல் சொன்னபடியே வந்து, மணலை வாரிக்கொண்டு போனது. விடிந்ததும் குழிகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரை எண்ணிய ஆழிமூப்பர் கலங்கி நின்றார். கடைசியாகத் தங்கையோடு ஒட்டிக்கொண்டு பொடிச்சி வந்தாள்.

"நானூறு!" என்று கத்திய கொடுக்கன், அவளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கரை நெடுக நடந்தான். அந்த உயரத்திலிருந்து தன் சனத்தைப் பார்த்த பொடிச்சிக்கு, தான் சின்னவள் என்பதே மறந்துபோனது.

அன்று முதல்தான், அலை வடிந்தவுடன் சின்ன நண்டுகள் தங்கள் குழியைச் சுற்றி மணல் உருண்டைகளைப் பரப்பி வைக்கின்றன. கடல் வந்து அழித்தாலும் சலிக்காமல், அடுத்த வடிதலில் புதிதாகப் பரப்புகின்றன.