பந்து எங்கே?

"மேடம், சண்டைய யார் ஆரம்பிச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கேட்டவர் அருமைநாயகம். சென்னைப் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். அந்தக் காலத்தில் போலீஸ் அணிக்கு ரக்பி ஆடியவர். இப்போது நடுவர் ஆகப் பயிற்சி எடுக்கிறார்.

கேள்வி போன இடம் மெர்லின். மாநில நடுவர். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

"பந்து எங்கே?" என்றார் மெர்லின்.

"நான் சண்டையக் கேக்கிறேன் மேடம்."

"நான் பந்தைக் கேக்கிறேன் சார்."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பயிற்சி ஆட்டத்தின் நடுவே இரண்டு தடியர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மெர்லின் சொல்லிக்கொடுத்த நாடகம்தான் அது. அருமைநாயகத்துக்குத் தெரியாது. பாய்ந்து போய்ப் பிரித்தார். ஒருவனை இந்தப் பக்கம் நிறுத்தினார், இன்னொருவனை அந்தப் பக்கம். தனித்தனியாக விசாரித்தார்.

"எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?" மெர்லினின் குரல் பின்னாலிருந்து வந்தது. "பந்து எங்கே?"

சுற்றிப் பார்த்தார். பந்தைக் காணோம். மெர்லின் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன விளையாட்டு இது?

விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடித்தவனை நடுவரோ கோட்டு நடுவரோ கண்ணால் பார்த்திருந்தால் எதிரணிக்குப் பெனால்டி. யாருமே பார்க்கவில்லை என்றால், இரண்டு அணியும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம். பந்து நின்ற இடத்தில், அதைக் கடைசியாக வைத்திருந்த அணிக்கு. முதல் பாதி அவருக்குள் சுலபமாக இறங்கியது. இரண்டாம் பாதிதான் தொண்டையில் நின்றது. பார்க்கவில்லை என்று எந்த ஸ்டேஷனில் எழுதி மூட முடியும்? ஒரு பெயராவது வந்தாக வேண்டாமா?

நடுவர் தேர்வுக்கான ஆட்டம் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை தவறியவர். இதிலும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்; அப்புறம் ரக்பியைக் கேலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

மெர்லின் வழக்கம்போலத் தன் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். அதுவும் வழக்கம்.

இரண்டாம் பாதியில் மைதானத்தின் நடுவே சத்தம் கேட்டது. அருமைநாயகம் திரும்பியபோது நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும் மொத்தமாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. விசிலை ஊது ஊதென்று ஊதினார்.

பிரித்தாயிற்று. நீலச் சட்டைக்காரன் ஒருவனுக்கு உதட்டில் ரத்தம்.

"அவன்தான் சார்!" நீல அணியின் கேப்டன் சிவப்பு நாலாம் நம்பரைக் காட்டினான்.

நாலாம் நம்பர் ஆறடிக்கு மேல். முறுக்கு மீசை, நசுங்கிய காது. பார்த்தவுடனே ஜீப்பில் ஏற்றத் தோன்றும் முகம். அருமைநாயகத்தின் கை, ஆளை வெளியேற்றும் அட்டை இருந்த பாக்கெட்டுக்குத் தானாகப் போனது.

"சார்," என்றான் சிவப்புக் கேப்டன். "நீங்க பாத்தீங்களா?"

கை பாக்கெட்டிலேயே நின்றது.

கோட்டு நடுவர்களைப் பார்த்தார். இருவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

கோட்டுக்கு வெளியே நின்ற மெர்லினைப் பார்த்தார். மெர்லின் அவரையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அருமைநாயகமும் அந்தப் பக்கம் திரும்பினார்.

தூரத்தில், சிவப்பு அணியின் கோல் கோட்டுக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால், ஒல்லியான ஒருவன் ஒற்றை முழங்காலில் இருந்தான். நீலச் சட்டை. உள்ளங்கைக்குக் கீழே பந்து.

அருமைநாயகம் அவனிடம் நடந்து போனார்.

"எப்பலேர்ந்துப்பா இங்க இருக்கே?"

"நீங்க விசில் ஊதினதுலேர்ந்து சார்."

"வந்து சொல்றதுக்கென்ன?"

"நான் நகந்தா இடம் மாறிடுமே சார்."

அவன் எதிரே ஒருவர்கூட இல்லை. இன்னும் நாலு எட்டு ஓடியிருந்தால் புள்ளி. விசில்தான் அவனை நிறுத்தியது. பாவமாக இருந்தது அருமைநாயகத்துக்கு.

இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். "இனி ஒரு கை ஓங்கினா ரெண்டு பேரும் வெளிய. இப்ப ஸ்க்ரம். இதோ இங்க. பந்து நீலத்துக்கு."

நீலக் கேப்டனுக்கு அது போதவில்லை. "சரி சார். ஆனா எங்காள அடிச்சது யாரு? அதச் சொல்லுங்க."

அருமைநாயகம் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பாக்கலை."

சர்வீஸில் ஒரு நாளும் சொன்னதில்லை. காது இரண்டும் சுட்டன. நாலாம் நம்பர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரமுக்குள் போனான்.

விசில் ஒலித்தது. ஆட்டம் தொடர்ந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மெர்லினிடம் வந்தார் அருமைநாயகம். பாஸா, பெயிலா என்று கேட்க வாயெடுத்தார். கேட்காமலே கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி ஒரு கையில் நீட்டினார். இன்னொரு கையில் பந்து.

மெர்லின் பந்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தார்.