அசனப் பந்தியில் ஓர் இலை

“ஐயா, அந்த ஆளை எழுப்பி வெளிய அனுப்பணும்” என்று உபதேசியார் அருமைநாயகம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

ஆனந்தவிளை வேதக்கோயிலில் அன்று அசனம். பந்தலில் வரிசையாக இலை போட்டு, சபையார் எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். போதகருக்கு உதவியாக அருமைநாயகம் இந்தச் சபைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கறி கடைசிப் பந்தி வரை தட்டுப்பாடில்லாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. குறைந்தால் வந்த வருஷமே பேர் கெட்டுவிடும். வேர்த்து ஊற்றியதில் ஜிப்பாவைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டு, காலையிலிருந்து பனியனோடு அலைந்துகொண்டிருந்தார்.

“யாரை?” என்றார் போதகர் தங்கையா. அவர் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலைமுத்துவை. பக்கத்து ஊர்க்காரன். சபைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதுவாவது போகட்டும் என்றால், போன வருஷம் குடித்துவிட்டு வந்து ரச அண்டாவைக் கவிழ்த்தவன். சமையல்காரர் எல்லாக் கதையும் சொல்லியிருந்தார்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஐயா திரும்ப வந்திருக்கான்?”

“அவன்கிட்ட இருக்கது அந்த ஒரு மூஞ்சிதானே, உபதேசியாரே.”

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்பெல்லாம் பிரசங்கத்துக்குச் சரி, பந்திக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டார். போதகர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“சரி, எழுப்பும். ஆனா இலை முன்னால இருக்கவன நின்னுக்கிட்டு அதட்டக் கூடாது. பக்கத்துல உட்கார்ந்து, காதோட காதா சொல்லும்.”

நியாயமாகத்தான் பட்டது. போனார். சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

முன்னால் ஓர் இலை விழுந்தது. போட்டவர் போதகர். பின்னாலேயே சோறு வந்தது, குழம்பு வந்தது. அருமைநாயகம் வாயைத் திறப்பதற்குள் போதகர் கண்ணை மூடி ஸ்தோத்திர ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஆனந்தவிளையில், ஜெபித்த இலையை விட்டு யாரும் பாதியில் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டில் தீப்பிடித்தது என்றால்கூட நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவார்கள். அருமைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னார். எரிச்சலில் சோற்றில் கை வைக்கவில்லை.

சுடலைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான். பனியன், வேர்வை, திருதிருவென்று ஒரு முழி. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் இலையில் இன்னும் கைபடாமல் இருந்த நல்லி எலும்பை எடுத்து அவர் இலையில் வைத்தான்.

“அண்ணாச்சி வெளியூரா? முத வருஷம் நானும் இப்படித்தான் முழிச்சேன்” என்றான் மெதுவாக. “போன வருஷம் நான் பண்ணின கூத்துக்கு அடிச்சுத்தான் வெரட்டணும். இன்னைக்கும் அந்த ஐயா கூப்பிட்டு உட்கார வச்சுட்டாரு. புதுசா வந்திருக்க உபதேசியார்தான் ரொம்பக் கெடுபிடியாம்.”

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

“நீங்க பயப்படாம சாப்பிடுங்க. அவரு வந்து கேட்டாருன்னா, எங்கூட வந்த ஆளுன்னு நான் சொல்லிக்கிடுதேன்.”