பாங்காக் கஞ்சிக்கடையில் மாப்பிள்ளை வீட்டார்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். ஏற்கெனவே கொட்டியவை வேறு விவகாரத்தில் போனவை, அவற்றை இங்கே இழுக்காதீர்கள்.

ஆலங்குளம் ஆவுடையப்பன் தன் மகனுக்குப் பெண் பார்க்க பாங்காக் போனார். பெண்ணின் தகப்பனார் கோலப்பன் நம்ம பக்கத்து ஆள்தான், அங்கே கடை வைத்து நன்றாக இருக்கிறார். ஊரில் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய்விட்டது. கடல் தாண்டினால்தான் இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியாத பெண் கிடைக்கும் என்று புரோக்கரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதுவும் தட்டினால் பையன் கட்டை பிரம்மச்சாரிதான். துணைக்குத் தம்பி பிச்சையாவும் மைத்துனர் சங்கரலிங்கமும் போனார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரு மூளை கொடுத்திருந்தார். வெளியூரில் தொலைந்துவிடக் கூடாதென்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

போய் இறங்கியதும் கோலப்பன் போன் பண்ணினார். காலையில் லாட்ஜுக்கு எதிர்க்கடையில் இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், நான் அங்கேயே வந்து வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்றார். சம்பந்தி வாக்கு. மீற முடியுமா?

காலையில் போனால் கடை நிறையக் கூட்டம், எல்லார் முன்னாலும் கிண்ணம், எல்லாக் கிண்ணத்திலும் கஞ்சி. போலீஸ்காரர் கஞ்சி குடிக்கிறார். யூனிபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் கஞ்சி குடிக்கின்றன.

பிச்சையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், ஊர் பூராவும் காய்ச்சல்" என்றார்.

சங்கரலிங்கம் ஒரு கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். மேலே இஞ்சி நறுக்கிப் போட்டிருந்தது, ஆகவே சளியும் உண்டு. உள்ளே அரைவேக்காட்டு முட்டையும் கறி உருண்டையும் கிடந்தன. கஞ்சிக்குள் கறி போட்டுத் தேற்றும் அளவுக்கு இவர்கள் உடம்பு தேய்ந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

நோயாளியை வெறுங்கையோடு பார்ப்பது நம்ம பழக்கமில்லை. பிச்சையா ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்து, மேசைக்கு மேசை ஒன்று வைத்து, ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்து ஆறுதல் சொன்னார். தலையில் கைவைப்பது அந்த ஊரில் ஆகாதாம். போலீஸ்காரர் முகம் கடுகடுத்தது. வலி தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று அவருக்கு மட்டும் இன்னொரு ஆரஞ்சு கிடைத்தது.

அப்புறம்தான் ஆவுடையப்பனுக்குச் சிக்கல் உறைத்தது.

"கஞ்சி குடிச்சா சீக்காளிக் குடும்பம்னு சொல்லுவாரு. குடிக்கலேன்னா சம்பந்தி பேச்சைத் தட்டினவன்னு சொல்லுவாரு. எப்படிப் பார்த்தாலும் எம்மவன் கல்யாணம் போச்சே."

"அதுவும் போக, காய்ச்சல் இல்லாதவனுக்குக் கஞ்சி எப்படிண்ணே தருவான்?" என்றார் பிச்சையா.

சங்கரலிங்கம்தான் வழி கண்டுபிடித்தார். "அத்தான், அவரு வாரதுக்குள்ள சீக்காகி, கஞ்சியும் குடிச்சு, குணமும் ஆயிட்டா?"

இப்படி ஒரு மச்சான் கிடைத்ததற்கு ஆவுடையப்பன் மனைவியின் குடும்பத்தையே வாழ்த்தினார்.

மேசைமேல் வசதியெல்லாம் இருந்தது. ஒரு ஜாடியில் மிளகாய்த்தூள், ஒரு ஜாடியில் சர்க்கரை, பக்கத்தில் மீன் வாடை அடிக்கும் ஒரு தண்ணீர். சீக்கு வர மிளகாய்த்தூள், குணமாகச் சர்க்கரை என்று ஏற்பாடு. மீன் தண்ணீர் எதற்கென்று விளங்காததால், பொதுவாக நல்லதென்று அதையும் ஆளுக்கொரு வாய் குடித்துக்கொண்டார்கள்.

மிளகாய்த்தூள் ஏமாற்றவில்லை. மூன்று பேருக்கும் முகம் சிவந்து, வேர்த்து, மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. கடைக்காரம்மா பதறிப்போய் மூன்று கிண்ணம் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தை கேட்காமலே கொடுத்துவிட்டாளே என்று பிச்சையாவுக்குப் பெருமை.

சர்க்கரைக்குக் கை நீட்டும்போது கோலப்பன் வந்துவிட்டார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தனக்கும் ஒரு கஞ்சி சொன்னார்.

"இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து காலையில இதுதான். இது இல்லாம எனக்கு உயிரே ஓடாது, பாத்துக்கிடுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆவுடையப்பன் கண்ணில் தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. கோலப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நகை வேண்டாம், சீர் வேண்டாம். வார முகூர்த்தத்துலயே முடிச்சிருவோம். நீங்க இருந்து பாக்கணும்."

இப்படிக் குரல் தழுதழுக்கப் பேசும் மாப்பிள்ளை வீட்டாரைக் கோலப்பன் கண்டதில்லை. பையனுக்கு என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டார். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமலே கிளம்பினார்கள்.

கல்யாணம் ஆலங்குளத்தில். பெண்ணின் தகப்பனாரை மண்டபத்துக்கு அழைத்துவர ஆவுடையப்பன் ஆம்புலன்ஸ் அனுப்பினார். கோலப்பன் ரொம்பக் காலம் வெளிநாட்டில் இருந்தவர் அல்லவா, நம்ம பக்கம் மரியாதை இப்போது இந்த அளவுக்கு முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மாலையைச் சரிசெய்துகொண்டு ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுத்து, வழியெல்லாம் கும்பிட்டபடியே வந்து இறங்கினார். நாயனக்காரர் மட்டும், மங்களமாக வாசிப்பதா வேறு மாதிரி வாசிப்பதா என்று கொஞ்சம் தடுமாறினார்.

கோலப்பனின் தம்பி வேலப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணனுக்குப் படுக்கை. பொண்ணுக்குச் சித்தப்பன் நான் நடந்து வரணுமா?" என்றார். யார் சமாதானம் சொல்லியும் படியேறவில்லை, தாலி தட்டிலேயே காத்திருந்தது. நல்ல நேரம் தப்புவதற்குள் தென்காசியிலிருந்து இன்னொரு வண்டி வந்தது. சைரன் போட்டால்தான் ஏறுவேன் என்றார். போட்டார்கள்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் அடுத்த மாதம் வளைகாப்பு. எனக்கும் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.