சின்னவனின் தலை அளவு

கதவுக்கு உள்ளே தையல் பிரியும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஓர் இழுப்பு. கொஞ்சம் நின்று, இன்னோர் இழுப்பு.

மாணிக்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். பழைய தொப்பி எதையோ பிரிக்கிறார்களோ?

எட்டிப் பார்த்தார். புதுத் தொப்பிதான். யாரோ ஒரு சுற்றுலாக்காரருடையது. உள்துணி கோணலாக இருந்ததால் ரெஜினா அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்கண்ணே. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் அவள்தான் குரு. கொடைக்கானலில் தொப்பி வேலை கற்றுக்கொள்ள வருகிற எல்லோருக்கும் அவள் வாத்தியாரம்மா.

அவர் கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் மாணிக்கத்தின் அப்பாவுக்குக் கொடுத்தது. உள்ளே பட்டுத்துணி, மங்காத பொன்னெழுத்து. நெற்றி படுகிற தோல்பட்டையில் மட்டும் ஒரு வியர்வைக் கறை. அது பெரிய மகன் அருமைராஜுடையது. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அவன் இறந்த அன்று, தொப்பியை ஆணியில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

இந்த ஒரு தொப்பியைக் காப்பாற்றத்தான் மாணிக்கம் அவளிடம் சீடராகச் சேர்ந்தார்.

முதல் நாளே அவள் சொல்லிக்கொடுத்தது: பழைய தொப்பியில் கத்தி படக்கூடாது, ஊசி படக்கூடாது, கறையைக்கூடத் துடைக்கக்கூடாது. மற்ற சீடர்கள் அதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். தலையில் ஏறாத தொப்பி எதற்கு என்றார்கள். மாணிக்கம் மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார். தொப்பிக்கு மெழுகுவத்தி ஏத்துறவரு என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

“தீர்ப்பு வேணும் வாத்தியாரம்மா” என்றார்.

சின்னவன் செல்வினுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மாதா கோயிலுக்குப் போகும்போது அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறான். போட்டுப் பார்த்தால் கண்வரைக்கும் இறங்குகிறது. அளவு குறைத்துத் தைக்கலாம் என்றிருக்கிறான். மாணிக்கம் அவன் தலையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்.

“என்ன சொன்னான்?”

மாணிக்கம் பெட்டிக்குள் தொப்பியை நேராக்கி வைத்தார்.

“‘அப்ப நீங்க அந்தத் தொப்பிக்கே அப்பாவா இருந்துக்கங்க’ன்னான். துணிமணியைத் தூக்கிட்டுப் போயிட்டான். கல்யாணத்துக்கும் நான் வர வேணாமாம்.”

பழைய தொப்பியைத் தொடக்கூடாது என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், அவனிடம் போய்ச் சொல்லிவிடுவார்.

ரெஜினா உள்துணியை ஓரமாக வைத்தாள். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கெட்டிலை ஏற்றினாள். அவள் ஆவியில் காட்டித்தான் தொப்பியை இளக்குவாள் என்பது மாணிக்கத்துக்குத் தெரியும்.

அவர் பெட்டியை இரண்டு கையாலும் மூடினார்.

“நீங்கதானே கை வைக்கக்கூடாதுன்னு சொன்னீங்க?”

“சொன்னேன்.”

சுவரோரம் மரத்தலைகள் வரிசையாக இருந்தன. ஆள் தலை அளவுக்கு, சிறிதும் பெரிதுமாகக் கடைந்த கட்டைகள். தொப்பியை அதில் மாட்டித்தான் அளவு மாற்றுவது.

“செல்வின் தலைக்கு எந்தக் கட்டை? எடுங்க.”

மாணிக்கம் கட்டைகள்மேல் உள்ளங்கையை ஓட்டினார். யோசிக்கவே இல்லை. ஒன்றில் கை நின்றது. தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“அது அருமை தலை” என்றாள் ரெஜினா.

அவர் குனிந்து பார்த்தார். ஆமாம். அந்தப் பழைய தொப்பி அச்சாக உட்காருகிற கட்டை. அருமை தலைதான்.

அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். தடவினார். வைத்தார். பக்கத்துக் கட்டையை எடுத்தார். இதுவா என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வரிசையின் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். எல்லாம் மரமாகவே இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. தொப்பியைப் பற்றிக் கேட்டால் தலையைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்று முணுமுணுத்தார். கல்யாண வயசுப் பையன் தலையை எந்த அப்பன் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

“செல்வின் இங்க வந்திருந்தான்” என்றாள்.

மாணிக்கத்தின் முகம் மாறியது. “எனக்குத் தெரியாம வெட்டித் தரச் சொல்லிக் கேட்டானா?”

“இல்லண்ணே. தொப்பியை ஒண்ணும் பண்ணிடாதீங்க, அது எங்கப்பா உசுருன்னான்.”

“வேற எதுக்கு வந்தான்?”

“அவன் தலையைக் கொஞ்சம் பெருசாக்கித் தர முடியுமான்னு கேட்டான்.”

கெட்டிலில் தண்ணீர் சலசலத்தது.

“சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான்” என்றாள். “அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. ரொம்ப நேரம் உக்காந்திருந்தான்.”

மாணிக்கம் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. அவற்றையே பார்த்தார், யாருடைய கைகளோ என்பதுபோல.

பிறகு நிமிர்ந்து கேட்டார். “நீங்க அளந்தீங்களா?”

“அளந்தேன்.”

“எந்தக் கட்டைம்மா?”

“என்னைக் கேக்காதீங்க. செண்பகனூர்ல கூட்டாளி வீட்டுலதான் இருக்கான். தலையும் அவன்கூடத்தான் இருக்கு.”

அவர் எழுந்தார். பெட்டியை எடுக்கவில்லை. வாசல் இறங்கி, மேட்டு வழியில் செருப்பு சறுக்கச் சறுக்க வேகமாக நடந்தார்.

ரெஜினா அடுப்பை அணைத்தாள். பாதியில் விட்ட உள்துணியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.