தாளம் தப்பிய பாட்டு

"டீச்சர், எங்கம்மா தாளம் தப்புறாங்க."

வந்து நின்றவர் ஞானதாஸ். வயது ஐம்பத்து நாலு. இப்போதுதான் முதல் சினிமாவுக்கு இசையமைக்கிறார்.

டீச்சர் நப்பின்னை பெரம்பூரில் டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பவர். ஞானதாஸைவிடப் பதினோரு வயது சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதான்.

படத்தில் ப்ளூஸ், சோல் என்கிற பழைய மேற்கத்திய பாணிப் பாட்டுகளோடு புதுப் பதிவுகளையும் கலக்கிறார்கள். பழையதில் ஒன்று அவர் அம்மா ரோஸ்லின் பாடியது. அந்த அம்மா போட்ட ஒரே இசைத்தட்டு.

"பாட்டு நெடுக ஏதோ தட்டுற சத்தம் டீச்சர். திடீர்னு வேகமா போகுது, திடீர்னு மெதுவா. புதுசா வாசிச்சது எதுவும் ஒட்டமாட்டேங்குது. கடைசிச் சரணத்துல, உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்துல, குரலையே இறக்கிடுறாங்க. இன்னைக்குள்ள சரியாகலேன்னா பாட்டைத் தூக்கிடுவேங்கறார் டைரக்டர்."

"தூக்கட்டுமே."

ஞானதாஸுக்குச் சுருக்கென்றது.

"கைக்குழந்தையா இருந்த என்னை யார் வீட்டுலயோ போட்டுட்டுப் போய்ப் பாடினாங்கன்னு கோபம் எனக்கு. இன்னும் போகல. ஆனா அவங்க குரல்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் டீச்சர்."

நப்பின்னை பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார்.

"எப்போ பாடினது?"

"எழுபத்தொண்ணு, ஜூன்."

"அப்போ உங்களுக்கு எத்தன மாசம்?"

"நாலு."

"மறுபடி போடுங்க. போட்டுட்டு அப்படித் திரும்பி உட்காருங்க."

உட்கார்ந்தார்.

நப்பின்னை அவர் முதுகில் தட்ட ஆரம்பித்தார். டிரம்ஸ் வாசிக்கிற கை இல்லை அது. பாட்டில் சத்தம் வேகமானால் கையும் வேகமாகத் தட்டியது. மெதுவானால் மெதுவாக.

கடைசிச் சரணம் வந்தது. குரல் இறங்கியது. தட்டும் சத்தம் நின்றது.

கையும் நின்றது.

ஞானதாஸ் திரும்பவில்லை.

"என்னையும் தூக்கிட்டுத்தான் போயிருக்காங்க" என்றார். "சொல்லவே இல்லையேம்மா."

மத்தியானம் ஸ்டூடியோவில் பன்னிரண்டு பேர் வாத்தியங்களோடு காத்திருந்தார்கள்.

"மெஷின் தாளம் வேணாம். அம்மா கை எப்படிப் போகுதோ, அப்படியே போங்க" என்றார் ஞானதாஸ்.

போனார்கள். ஒட்டியது. டைரக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

கடைசிச் சரணத்தில் ஞானதாஸ் கையை உயர்த்தினார். டிரம்பெட்டும் வயலினும் சட்டென்று அடங்கின. ரோஸ்லின் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எல்லாரும் ஏன் நிறுத்திட்டாங்க?" என்று டைரக்டர் கத்தினார்.

"உஷ்" என்றார் ஞானதாஸ். "பிள்ளை தூங்குது."