நிலாப்பழம் கேட்ட இருவாச்சி

மலைக்காட்டில் ஒரு சுனை இருந்தது. சுனைக்கரையில் ஓர் அத்திமரம். அந்த மரத்தில் தினமும் வெயில் சாய்ந்ததும் கதை நடக்கும்.

கதை சொல்கிறவன் ஒரு துடுப்புவால் கரிச்சான். உடம்பு கன்னங்கரேலென்று இருக்கும். வாலில் இரண்டு நீளக் கம்பிகள், கம்பி நுனியில் துடுப்பு மாதிரி இறகு. அவனுக்கு எல்லாப் பறவைகளின் குரலும் வரும். இளவரசி பேசினால் குயில் குரல். இளவரசன் பேசினால் கழுகுக் குரல். அரக்கன் வந்தால் ஆந்தைக் குரல். காட்டில் பாதிப் பேர் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் செவலை என்று ஒரு மலை அணில் உண்டு. ஒரு நாள்கூடத் தவறாமல் வருவாள். ஒரு நாள்கூட முணுமுணுக்காமல் திரும்பமாட்டாள்.

அவள் முணுமுணுப்பிலும் நியாயம் இருந்தது. கரிச்சானின் கதையில் வரும் இளவரசன் எப்போதும் உர்ரென்றே இருப்பான். இளவரசியை எடுத்தெறிந்து பேசுவான். கேட்டால் அதுதான் காதலாம். இளவரசி நன்றாகப் பறப்பாள். ஆனால் அவன் பக்கத்தில் வந்தால் மட்டும் சிறகு மடங்கிச் சுனையில் விழுவாள், அவன்தான் தூக்கவேண்டும். அநாதையாக வளர்ந்த குஞ்சு என்றால் அதன் இறக்கைக்கு அடியில் கட்டாயம் ஒரு நட்சத்திர மச்சம் இருக்கும். ஏழு மலைக்கும் ராணி அதுதான் என்று கடைசியில் தெரியவரும். மச்சம் என்று கரிச்சான் வாயெடுத்ததுமே செவலை வாலால் முகத்தை மூடிக்கொள்வாள். ஒரு கதை ஏழு நாள் ஓடும். ஏழாம் நாளாவது முடியும் என்று பார்த்தால் செத்த அரக்கனுக்கு ஒரு தம்பி இருப்பான்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சல் தந்தது முடிவுதான். இளவரசனும் இளவரசியும் சேர்ந்ததும் கதை நின்றுவிடும். மறுநாள் காலையில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கரிச்சான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவனிடமே கேட்டுவிட்டாள். கரிச்சான் கோபப்படவில்லை. வாலை ஒருமுறை ஆட்டிக்கொண்டான்.

"கூட்டத்தைப் பாருங்க செவலையம்மா. யாராவது எழுந்து போறாங்களா? உங்களுக்குப் பிடிக்கலைன்னா தினமும் முதல் கிளையில வந்து ஏன் உட்கார்றீங்க?"

செவலை வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்றைக்காவது ஒருநாள் தனக்குத் தெரிந்த வாழ்க்கை மாதிரி ஒரு கதை வரும் என்ற ஆசையில்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். அதை வெளியே சொல்ல வெட்கம்.

செவலையின் தோழி பொன்னலகி. அவள் ஓர் இருவாச்சிப் பறவை. அலகு நல்ல மஞ்சள், அதன்மேல் தொப்பி வைத்தது மாதிரி ஒரு கொண்டை. செவலைக்கு நேரெதிர் ஆள். கரிச்சான் வாயைத் திறந்தால் போதும், சொக்கிப்போவாள். இளவரசி அழுதால் இவளும் அழுவாள். செவலை அதைக் கேலி செய்வாள். அப்படிக் கேலி செய்தே ஒரு பழக்கமாகிவிட்டது.

பொன்னலகியின் கணவன் மருதன். அவனிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அலகின் ஓரம் சற்று உடைந்திருக்கும். பேச்சு குறைவு. பறந்தால் சிறகுச் சத்தம் மட்டும் பலமாக இருக்கும், இரண்டு மேட்டுக்கு அப்பாலிருந்தே கேட்கும். பொன்னலகியைக் கேட்டு வந்த அன்று அவளுக்கு ஓர் அத்திப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் அவர்கள் கதை.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போகும். எச்சத்தையும் மண்ணையும் குழைத்து உள்ளிருந்தே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம் இருக்கும். பாம்பும் மரநாயும் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும், புதிதாக முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டவேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு இல்லை.

அந்த வருஷம் பொன்னலகி சுனைக்கு எதிரே இருந்த குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் போனாள். மருதன் விடிந்ததும் கிளம்புவான். தொண்டைக்குள் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து ஊட்டுவான். மறுபடி போவான். மறுபடி வருவான். முட்டை பொரிந்து குஞ்சு வந்தபின் இன்னும் அதிகமாக அலைந்தான். கதை கேட்க அவனுக்கு நேரம் இருந்ததே இல்லை. கதை நடக்கிற வேளையில் அவன் எங்கேயோ பழம் தேடிக்கொண்டிருப்பான்.

உள்ளே இருட்டு. நகர இடம் இல்லை. பொன்னலகிக்கு வெளியுலகம் என்று இருந்தது அந்தக் கீறல் மட்டும்தான். அதன் வழியாக மாலையில் கரிச்சானின் குரல் வரும். அவள் அதற்காகவே நாள் முழுதும் காத்திருந்தாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. இருட்டில் இருப்பவருக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.

அப்போது கரிச்சான் ஒரு புதுக் கதை சொன்னான். இருவாச்சி இளவரசி ஒருத்தி பொந்துக்குள் இருக்கிறாள். இளவரசன் அவள்மேல் வைத்த காதலைக் காட்ட ஏழு மலைக்கு அப்பால் போகிறான். அங்கே நிலாப்பழம் என்று ஒன்று பழுக்கிறது. நூறு நாள் அரக்கர்களோடு சண்டை போட்டு அதைப் பறித்துக்கொண்டு வருகிறான். இருட்டுப் பொந்து ஒளியால் நிறைகிறது. "இப்போதுதான் உங்கள் காதல் எனக்குத் தெரிந்தது" என்று இளவரசி கண்ணீர் விடுகிறாள். சுபம்.

கூட்டமே விம்மியது. முதல் கிளையிலிருந்து செவலையின் குரல் மட்டும் எழுந்தது.

"எல்லாம் சரி. அந்த நூறு நாளும் உள்ளே இருந்தவளுக்கு யார் சாப்பாடு போட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலர் அவளை அதட்டினார்கள். பொந்துக்குள் இருந்த பொன்னலகிக்கும் அந்தக் கேள்வி கேட்டது. நல்ல நேரத்தில் வந்து கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் காலை மருதன் வந்து கீறலில் ஓர் அத்திப்பழத்தை நீட்டினான். பொன்னலகி வாங்கவில்லை.

"தினமும் இதே அத்திப்பழம்தானா?" என்றாள்.

மருதன் தொண்டையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினான். அதுவும் அத்திப்பழம்தான். அவள் அலகால் தள்ளிவிட்டாள். அது கிளை கிளையாகப் பட்டுக் கீழே விழுந்தது.

பக்கத்துக் கிளையில் இருந்த செவலை அதைப் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் தோழியிடம் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. "இளவரசிக்கு அத்திப்பழம் தொண்டையில இறங்கலையோ?" என்று சிரித்தாள்.

பொன்னலகிக்குச் சுருக்கென்றது. "உனக்குக் கதையும் பிடிக்காது, காதலும் பிடிக்காது. நீ பேசாதே" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, அந்த ரோஷத்திலேயே கேட்டுவிட்டாள்.

"எனக்காகப் பெருசா ஏதாவது ஒண்ணு செஞ்சிருக்கியா நீ?"

மருதன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கொண்டுவந்த பழங்களை எல்லாம் கீறலின் ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கினான்.

நேரே கரிச்சானிடம் போனான். நிலாப்பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அப்போது அங்கே பத்துப் பதினைந்து பறவைகள் உட்கார்ந்திருந்தன. அவை எல்லாம் கரிச்சானின் முகத்தைப் பார்த்தன. அப்படி ஒன்று கிடையாது, நானாகச் சொன்னது என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். ஆனால் ரசிகர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"ஏழு மலைக்கு அப்பால்" என்றான் கரிச்சான்.

விஷயம் தெரிந்து செவலை ஓடிவந்தாள். அது பொய் என்று மருதனிடம் ஆனமட்டும் சொன்னாள். அவள் எந்தக் கதையைத்தான் மெய் என்று சொன்னாள்? அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

"அவ கேட்டது இது ஒண்ணுதான் அக்கா. மூணு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றான் மருதன். சிறகுச் சத்தம் இரண்டு மேடு தாண்டும்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

செவலை கரிச்சானிடம் போய்ச் சண்டை போட்டாள். "கதை சொல்றவன்கிட்ட வழி கேட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று மாலையும் கதை சொன்னான்.

முதல் மூன்று நாள் பொன்னலகி சந்தோஷமாகவே இருந்தாள். தன் கணவனும் இளவரசன் ஆகிவிட்டான் என்று குஞ்சுக்குச் சொன்னாள். நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

செவலை பழம் சுமந்தாள். இருவாச்சி ஒரே நடையில் தொண்டை நிறையக் கொண்டுவரும். அணிலின் வாய்க்கு ஒரு நேரத்தில் ஒரு பழம்தான். குங்கிலிய மரம் வழவழப்பு, மழையில் நகம் நிற்கவில்லை. பாதி நாள் பழம் கீழே விழுந்துவிடும், இரண்டு முறை அவளே விழுந்தாள். கொடுத்ததை எல்லாம் பொன்னலகி குஞ்சுக்கே ஊட்டினாள். குஞ்சுக்குப் பூச்சியும் ஓணானும்கூட வேண்டும். செவலைக்கு அதெல்லாம் பிடிக்கத் தெரியாது.

கதை கேட்கிற கூட்டத்திடம் போய் உதவி கேட்டாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இளவரசன் எப்படியும் கடைசி நாளில் வந்துவிடுவான் என்றார்கள்.

பொன்னலகி இப்போது கதைக்குக் காது கொடுப்பதில்லை. சிறகுச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்தாள். இடி உறுமினால் அவன்தான் என்று கீறலில் அலகை நீட்டுவாள். ஒருநாள் மெல்லக் கேட்டாள், "செவலை, அன்னிக்கு நான் தள்ளிவிட்ட பழம் கீழே இருக்கான்னு பாரேன்." செவலை இறங்கிப் பார்த்தாள். அதை எறும்பு எப்போதோ தின்றிருந்தது. ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்ல மனம் வராமல், இருக்கிறது, அழுகிவிட்டது என்று வந்து சொன்னாள்.

குஞ்சு ஒன்பதாம் நாள் சத்தம் போடுவதை நிறுத்தியது. அடுத்த நாள் பொன்னலகி வாசலை அலகால் குத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிறகு பாதிதான் முளைத்திருந்தது. பக்கத்துக் கிளைவரைதான் போக முடிந்தது. பொந்துக்குள் திரும்பிப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்டதும் கிழக்கிலிருந்து ஒரு மலைப்புறா வந்தது. மூன்றாம் மலைக்கு அப்பால் காடே இல்லை என்று செவலையிடமும் பொன்னலகியிடமும் சொன்னது. எங்கே பார்த்தாலும் தேயிலைச் செடிதான், உட்கார ஒரு நல்ல மரம் கிடையாது. அங்கே மழையில் ஒரு பெரிய பறவை விழுந்து கிடந்ததாம். அலகின் ஓரம் உடைந்திருந்ததாம்.

"அது போய்க்கிட்டு இருக்கலை அக்கா, திரும்பி வந்துகிட்டு இருந்தது" என்றது புறா. "தலை இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. எங்க தேடிப் பிடிச்சுதோ, தொண்டை நிறைய அத்திப்பழம்."

செவலை பொன்னலகியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நல்லவிதமாகச் சொல்லவேண்டிய நேரத்தில் கேலி செய்தோமே என்று நினைத்துக்கொண்டாள். கரிச்சானின் கதையில் இருந்த குற்றமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதை எடுத்துச் சொல்லவேண்டியவளிடம் மட்டும் சரியாகச் சொல்லவில்லை.

சில நாளில் சுனைக்கரையில் புதுக் கதை தொடங்கியது. மருதன் என்ற மாவீரனின் கதை. அவன் உர்ரென்று இருந்தான். அவன் இறக்கைக்கு அடியில் நட்சத்திர மச்சம் இருந்தது. காதலுக்காக ஏழு மலையும் தாண்டி, நிலாப்பழத்தை அலகில் கவ்வியபடியே உயிரை விட்டான். கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது. இதைவிட நல்ல கதை கரிச்சான் சொன்னதே இல்லை என்றார்கள்.

கடைசிக் கிளையில் பொன்னலகி இருந்தாள். அன்றுதான் அங்கே வரும் அளவுக்குச் சிறகு வந்திருந்தது.

கதையின் உச்சத்தில் கரிச்சான் மருதனின் சிறகுச் சத்தத்தை எழுப்பினான். அச்சு அசலாக அதே சத்தம். பொன்னலகி சட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அலகு தானாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

அதைப் பார்த்த செவலைக்குத் தாங்கவில்லை. எழுந்து கத்தப்போனாள். அதற்குள் கடைசிக் கிளையிலிருந்து பொன்னலகியின் குரல் வந்தது.

"அத்தனை நாளும் உள்ளே இருந்தவளுக்கு யார் சாப்பாடு போட்டது?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கரிச்சான் வாயைத் திறந்தான். எல்லாப் பறவைகளின் குரலும் தெரிந்தவனுக்கு அன்று ஒரு குரலும் வரவில்லை.

"எனக்கு அவர் ஊட்டினாரு" என்றாள் பொன்னலகி. "விடிஞ்சதிலிருந்து இருட்டுறவரைக்கும் ஊட்டினாரு. தெரிஞ்சா அதைச் சொல்லு. தெரியலைன்னா அவர் பேரை எடுக்காதே."

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. செவலை அத்திமரத்தில் இன்னும் மேலே ஏறி நல்லதாக ஒரு பழம் பறித்துவந்து தோழியிடம் நீட்டினாள். பொன்னலகி அதை இரண்டு கிளைக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டு, இருட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தினமும் வந்து ஊட்டும் அன்பை அற்பம் என்று நினைக்கவைக்கும் கதை, எவ்வளவு இனித்தாலும், நம்பியவரைப் பட்டினி போட்டுவிடும்.